ஷிஜிமென்: வாசலுக்குள் புதைந்து கிடந்த வாசல்

பெய்ஜிங் பழைய நகரத்தின் மேற்கு மதிலில், வடகோடிக்குப் பக்கத்தில் இருந்தது ஷிஜிமென் கோட்டை வாசல். 1969 கோடையில் அதை இடித்தார்கள். மேலே இருந்த கோபுரங்களை இறக்கிவிட்டு, முன்புறக் கோபுரத்தின் அடிமேடையை உடைத்துக்கொண்டு போனபோது, மண்ணுக்கும் செங்கல்லுக்கும் நடுவே இன்னொரு வாசல் தலைகாட்டியது. மங்கோலியரின் யுவான் அரசு 1358-இல் கட்டிய வாசல் அது. 530 ஆண்டுகளாக அது அங்கே இருப்பது எவருக்கும் தெரியாது. தொல்லியலாளர்கள் வந்து அளந்தார்கள், படம் எடுத்தார்கள். பிறகு அதுவும் இடிக்கப்பட்டது.

பெய்ஜிங் இழந்த வாசல்கள் பல. அவற்றில் ஷிஜிமென்னைத் தனியாக எடுத்துப் பார்க்கக் காரணம் உண்டு. ஒரு வாசலை அழிக்காமல் அதன் மேலேயே கட்டிய 15-ஆம் நூற்றாண்டு வேலையையும், எல்லாவற்றையும் தரைமட்டமாக்கிய 20-ஆம் நூற்றாண்டு வேலையையும் ஒரே இடத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்க வேறெங்கும் இப்படி வாய்ப்பில்லை.

வாசல் என்றால் ஒரு கட்டடம் அல்ல

நம் ஊரில் கோட்டை வாசல் என்றதும் இரண்டு கதவும் மேலே ஒரு மண்டபமும்தான் நினைவுக்கு வரும். பெய்ஜிங் உள்நகரின் ஒன்பது வாசல்களில் ஒவ்வொன்றும் ஒரு கட்டடத் தொகுதி. மதிலோடு சேர்ந்து நின்றது வாசல் கோபுரம். அதன் அடிமேடையின் நடுவே வளைவான பாதை, மேலே இரண்டு அடுக்கு மர மாளிகை. அதற்கு வெளியே, மதிலிலிருந்து புறப்பட்டுச் சுற்றி வளைத்த ஒரு சுவர், நடுவில் திறந்த முற்றம். இதை இங்கே முன்கோட்டை என்று சொல்லிக்கொள்வோம். முன்கோட்டையின் நெற்றியில், வாசல் கோபுரத்துக்கு நேர் எதிரே, அம்புக் கோபுரம். அதன் உடம்பு தடித்த செங்கல் சுவர். அந்தச் சுவரில் வரிசை வரிசையாகச் சிறு சாளரங்கள். இன்றும் நிற்கும் தெஷெங்மென் அம்புக் கோபுரத்தில் இவை 82.

கவனிக்க வேண்டியது, அம்புக் கோபுரத்தின் கீழே வழி கிடையாது. ஒன்பது வாசல்களில் அரசர் போகும் ஜெங்யாங்மென்னுக்கு மட்டும் நேர்வழி இருந்தது. மற்ற எட்டிலும் அம்புக் கோபுரத்தின் அடிமேடை கெட்டியான திண்டு. வழி முன்கோட்டையின் பக்கச் சுவரில்தான். ஷிஜிமென்னில் அது தெற்கே திறந்தது. மேற்கிலிருந்து வரும் வண்டி அகழிப் பாலத்தைத் தாண்டி, அம்புக் கோபுரத்தைச் சுற்றி, தெற்குச் சுவரின் சிறு வாசலில் நுழைந்து, முற்றத்துக்குள் வடக்காக வந்து, மறுபடி கிழக்கே திரும்பினால்தான் நகருக்குள் போக முடியும். எதிரிப் படையை ஓட்டமாக உள்ளே வரவிடாமல், முற்றத்தில் தேக்கி நான்கு பக்கமும் மேலிருந்து அடிப்பதற்கான ஏற்பாடு அது. இதே திருப்பங்கள்தான் லாரிகள் வந்த காலத்தில் வாசலுக்கு எமனாக வந்து நின்றன.

பெரும்பாலான வாசல்களின் முன்கோட்டை வெளிப்புறம் அரைவட்டமாக வளைந்திருக்கும். ஷிஜிமென்னிலும் அதற்கு நேர் கிழக்கே இருந்த டோங்ஜிமென்னிலும் சதுரம். மேற்கு மலைகளுக்கும் கோடை அரண்மனைக்கும் போகும் சாலை ஷிஜிமென் வழியாகத்தான் போனது. யூச்சுவான் மலை ஊற்றிலிருந்து அரண்மனைக்குக் குடிநீர் ஏற்றிய வண்டிகளும் இந்த வழியாகவே வந்தன.

1358: அவசரத்தில் கட்டிய முன்வாசல்

குப்லாய் கான், இன்றைய பெய்ஜிங் இருக்கும் இடத்தில், 1267-இல் கட்டத் தொடங்கிய தலைநகர் டாடு. திட்டம் வகுத்தவர் லியு பிங்சோங். மதிலின் சுற்றளவு சுமார் 28.6 கிலோமீட்டர், வாசல்கள் பதினொன்று. மதில் முழுக்க மண். அடித்தளம் ஏறக்குறைய 24 மீட்டர் அகலம், உள்ளே மரத் தூண்களும் குறுக்குக் கட்டைகளும் வைத்து, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கியது. மழையில் கரையாமல் இருக்க நாணல் பாய்களைப் போர்த்தினார்கள். இந்த ஏற்பாட்டுக்குத் தீ ஆகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மேற்குச் சுவரின் மூன்று வாசல்களில் நடுவில் இருந்தது ஹெயிமென். பிற்கால ஷிஜிமென்னின் இடம் இதுவே. முதல் தொண்ணூறு ஆண்டுகள் இந்த வாசல்களுக்கு முன்கோட்டை கிடையாது. 1358 வசந்தத்தில் நிலைமை மாறியது. செந்தலைப்பாகைக் கிளர்ச்சிப் படையோடு மாவோ குய் தலைநகரை நெருங்கி லியூலின் வரை வந்துவிட்டார். தலைநகரை வேறிடத்துக்கு மாற்றலாமா என்று அரசவையில் பேச்சு எழுந்தது. அந்தப் படை முறியடிக்கப்பட்டாலும் பயம் போகவில்லை. பதினோரு வாசல்களுக்கும் முன்கோட்டையும் தூக்குப் பாலமும் கட்டச் சொல்லி அரச ஆணை பிறந்தது. யுவான் வரலாற்று நூல் இந்த ஆணையை 1359-இன் பத்தாம் மாதத்தில் பதிந்திருக்கிறது.

ஆனால் 1969-இல் கிடைத்த வாசலின் வளைவுப் பாதைச் சுவரில், சாம்பல் நிறக் காரைப் பூச்சில் கீறப்பட்டிருந்த தேதி வேறு: ஜிஜெங் என்ற யுவான் ஆட்சிக்காலத்தின் 18-ஆம் ஆண்டு, நான்காம் மாதம், 27-ஆம் நாள். அதாவது 1358. ஆணைக்கு ஒன்றரை வருடம் முன்பே ஹெயிமென்னின் முன்வாசல் எழுந்து, பூச்சு வேலையும் முடிந்திருக்கிறது. மாவோ குய் வந்து போனது மூன்றாம் மாதம், பூச்சில் தேதி விழுந்தது அடுத்த மாதம். நடப்பவற்றைப் பார்த்து முன்கூட்டியே வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும், ஆணை வந்தது மற்ற வாசல்களையும் சேர்த்து முறைப்படுத்த என்று படிப்பதுதான் இரண்டு சான்றுக்கும் பொருந்துகிறது. எழுதிவைத்த வரலாற்றைத் திருத்திய இந்த ஒரு வரி, கொத்தனார் கரண்டி வைத்த பூச்சில் யாரோ கீறியது.

அந்த முன்வாசல் போர் பார்க்கவே இல்லை. பத்து வருடத்தில், 1368-இல், யுவானை வீழ்த்திய மிங் அரசின் தளபதி ஷு டா நகரைப் பிடித்தபோது நுழைந்தது கிழக்கு வாசல் ஒன்றின் வழியாக. அதற்குச் சில நாள் முன்பே யுவான் அரசர் வடக்கு வாசல் வழியே போய்விட்டார்.

உள்ளே என்ன இருந்தது

இந்த நிகழ்வில் மிகவும் படிக்க வேண்டிய பகுதி இது. சீனத்தில் நகர வாசல்களின் பாதை நெடுங்காலம் வளைவாக இல்லை. இரண்டு பக்கமும் மரத் தூண்களை வரிசையாக நட்டு, மேலே உத்தரம் போட்டு, மேல்பகுதி குறுகிய சரிவகமாக முடிப்பார்கள். அந்த உத்தரத்தின் மேல்தான் மண் மேடையும் கோபுரமும். டாடுவின் மூல வாசல்களும் இதே வகைதான். கிழக்குச் சுவரின் குவாங்ஷிமென் அடித்தளத்தை ஆராய்ந்தபோது, மர உத்தர வாசல் எரிந்து அழிந்ததற்கான தடயம் கிடைத்தது. வெடிமருந்து போர்க்களத்துக்கு வந்துவிட்ட காலத்தில் மர வாசல் என்பது எதிரிக்கு விறகு அடுக்கி வைத்த மாதிரி.

ஹெயிமென் முன்வாசல் இந்தப் பழக்கம் மாறும் தருணத்தைப் பிடித்து வைத்திருந்தது. பாதை முழுக்கச் செங்கல் வளைவு. நீளம் 9.92 மீட்டர், அகலம் 4.62 மீட்டர். வெளிப்பக்க வளைவின் உயரம் 4.56 மீட்டர், உட்பக்க வளைவு 6.68 மீட்டர். இந்த இரண்டு மீட்டர் வித்தியாசத்துக்கும் வேலை உண்டு. கதவுகள் தாழ்ந்த வெளி வளைவின் பின்னால் நின்றன, உள்நோக்கித் திறந்தன. கதவின் மேல்விளிம்பு வெளி வளைவைவிட உயரமாக இருந்தால்தான் மூடும்போது அது வளைவின் முகத்தில் நன்றாகப் படியும், இடுக்கு விழாது. அவ்வளவு உயரக் கதவு திறந்து சுவரோடு ஒட்ட வேண்டுமானால், உட்பக்க வளைவும் அதற்கேற்ப உயர வேண்டும்.

கதவுப் பலகைகள் போய்விட்டன. குடுமி சுழன்ற இடம் மட்டும் அப்படியே இருந்தது. நம் பழைய வீடுகளில் கல்லில் குழி தோண்டி அதில் கதவுக் குடுமியை இறக்குவோம். இங்கே தலைகீழ்: அடிக்கல்லின் மேல் அரைக்கோள வடிவ இரும்புக் குமிழ் பதித்திருந்தது. கதவுத் தண்டின் அடியில் உள்ள குழி அதன் மேல் உட்காரும். பளு கூடிய கதவுக்கு இது நல்ல முறை. குழியில் மண்ணும் தண்ணீரும் தங்காது, தேய்மானம் இரும்பில் மட்டும்.

வளைவைக் கட்டிய விதத்தில்தான் அனுபவக் குறைவு தெரிந்தது. நான்கு அடுக்குச் செங்கல் வளையம் போட்டிருந்தார்கள். ஆனால் நான்கில் ஒன்றரை வளையத்தின் கால் மட்டுமே பக்கச் சுவரின் மேல் உட்கார்ந்திருந்தது. மீதி இரண்டரை வளையத்துக்கு ஊன்ற இடம் இல்லை. வளைவின் சூட்சுமமே, மேலிருந்து வரும் பாரம் வளையத்தின் வழியாக ஓடி இரண்டு கால்களில் இறங்குவதுதான். கால் ஊன்றாத வளையம் பாரத்தைத் தன் வழியே இறக்க முடியாமல், அடுத்த வளையத்தின் மேலேயும் பின்னால் உள்ள மண் நிரவலின் மேலேயும் சாய்கிறது. நான்கு அடுக்கு போட்ட செலவுக்கு ஒன்றரை அடுக்கின் பலம். மிங் காலத்தில் இதே ஊர்க்காரர்கள் ஒரு வளையம் நிறுத்தி, அதன் மேல் ஒரு வரிசை செங்கல்லைப் படுக்க வைத்து, மறுபடி வளையம் என்று மாற்றி மாற்றி, எல்லாவற்றையும் தடித்த காலில் இறக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்த முறைக்கு முந்தைய தடுமாற்றம் கண்ணுக்குத் தெரிந்த இடம் ஹெயிமென்.

வளைவுக்கு மேலே மூன்று அங்கண அகலத்தில் ஒரு காவல் மாடம். கூரை இல்லை, சுவரின் அடிப்பகுதிகளும் சுவருக்குள் மறைந்த தூண்களின் தடமும் மிச்சம். அழகுக்குக் கட்டிய மாளிகை அல்ல, பதுங்கு அறை மாதிரியான கட்டு. அதன் தரையில்தான் எவரும் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது: கதவில் தீ வைத்தால் அணைப்பதற்கான தண்ணீர் ஏற்பாடு.

மேற்குச் சுவரோரம், படியின் கீழே, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தண்ணீர் வாய்கள். ஒவ்வொன்றின் மேலும் ஐந்து துளை போட்ட கல் சல்லடை. சல்லடையின் அடியில் செங்கல் கட்டிய சிறு தொட்டி. தொட்டியிலிருந்து வெளியேறும் கால்வாய் மூன்றாகப் பிரிந்து, கதவு நிலையின் மேல் உள்ள மர உத்தரத்துக்கு மேலாக ஓடி, மூன்று துளைகளில் கதவின் முகத்துக்கு நேராகத் திறந்தது. மேலே நிற்பவன் குடம் குடமாகச் சல்லடையில் ஊற்றினால் போதும், கதவின் அகலம் முழுக்கத் தண்ணீர் வழியும். கைப்பிடிச் சுவருக்கு வெளியே தலை நீட்ட வேண்டாம், அம்பு வாங்க வேண்டாம். சல்லடை எதற்கு என்றால், போர் நேரத்தில் மேலே விழும் ஓட்டுத் துண்டும் மண்ணும் கால்வாயை அடைத்துவிடும். மூன்று துளை எதற்கு என்றால், ஒற்றைத் துளையாக இருந்தால் நடுவில் மட்டும் நனையும். தீ வைப்பவன் நிலையோடு சேரும் ஓரத்தில்தான் வைப்பான். போர் நூல்கள் வாசலின் மேலே தண்ணீர்த் துளை வைக்கச் சொல்வதுண்டு. அதைக் கட்டி, அப்படியே விட்டுப்போன உதாரணம் கையில் கிடைப்பது வேறு விஷயம்.

1436: இடிக்காமல் புதைத்த கணக்கு

மிங் அரசு நகரின் வடக்குச் சுவரைத் தெற்கே சுமார் இரண்டரை கிலோமீட்டர் இழுத்தது, பின்னர் 1419-இல் தெற்குச் சுவரையும் மேலும் தெற்கே தள்ளியது. கிழக்கு, மேற்குச் சுவர்களின் வரிசை மாறவில்லை. மண் மதிலுக்கு வெளிப்பக்கம் செங்கல் முகம் போட்டார்கள். உள்பக்கத்துக்குச் செங்கல் வந்தது 1445-இல்தான். ஒன்பது வாசல்களுக்கும் இன்று படங்களில் பார்க்கும் கோபுரங்களும் அம்புக் கோபுரங்களும் கல் பாலங்களும் வந்தது 1436 முதல் 1439 வரை.

அந்த வேலைக்கு 1,80,000 ஆட்கள் வேண்டும் என்று பொதுப்பணி அமைச்சகத்தின் துணை அமைச்சர் சாய் ஷின் கணக்குக் கொடுத்தார். வேலை அவர் கைக்குப் போகவில்லை. வியட்நாமில் பிறந்து பெய்ஜிங் அரண்மனையில் அலியாகப் பணியாற்றிய நுயென் ஆன் என்பவரிடம் போனது. சீனர் அவரை ருவான் ஆன் என்பார்கள். பயிற்சியிலிருந்து விடுவித்த தலைநகர்ப் படை வீரர்கள் பத்தாயிரத்துச் சொச்சம் பேரை வைத்துக்கொண்டு அவர் முடித்துக் கொடுத்தார்.

ஆள் பலத்தில் பதினெட்டில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை ஹெயிமென்னின் முன்வாசலோடு சேர்த்துப் பார்த்தால் அவர்கள் செய்தது புரிகிறது. புதிய திட்டப்படி அந்த இடத்தில் வழி வேண்டாம், கெட்டியான திண்டு வேண்டும், அதன் மேல் கனமான அம்புக் கோபுரம் ஏற வேண்டும். ஏற்கெனவே அதே நேர்க்கோட்டில் ஒரு செங்கல் வாசல் நிற்கிறது. அதை உடைத்து, இடிபாட்டை அள்ளி, மறுபடி அதே அளவு மண் கொண்டுவந்து திமிசு போடுவது இரட்டை வேலை. மேல்மாடத்தின் கூரையையும் மரத்தையும் கழற்றினார்கள். கதவைக் கழற்றினார்கள், மரம் எப்போதும் விலை உள்ளது. மீதியைச் சுற்றி வளைத்து மூடி, மேலே திண்டை உயர்த்தி, வெளியே பெரிய மதில் செங்கல்லால் முகம் கட்டிவிட்டார்கள். மிங் மதில் செங்கல் ஒன்று சுமார் 48 × 24 × 12 சென்டிமீட்டர், எடை இருபது கிலோவுக்கு மேல்.

பாதுகாக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்திருக்காது. ஆனால் பூச்சில் கீறிய எழுத்து முதல் கல் சல்லடை வரை பத்திரமாக இருந்ததற்குக் காரணம் இந்தச் சிக்கனம்தான். காற்றும் மழையும் உறைபனியும் படாமல் மண் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. காலூன்றாத அந்த வளைவும் விழாமல் இருந்தது, உள்ளும் புறமும் மண் தாங்கியதால்.

ஏன் இடித்தார்கள்

போக்குவரத்து என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் பதில். அது பாதிதான் உண்மை.

வாசல்களைப் பிரிக்கும் வேலை 1949-க்கு முன்பே தொடங்கிவிட்டது. 1915-இல் உள்துறை அமைச்சர் ஜூ சிசியென் பொறுப்பில், ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் கர்ட் ரோத்கேகலின் திட்டப்படி ஜெங்யாங்மென்னின் முன்கோட்டை அகற்றப்பட்டது. அதே சமயத்தில் மதிலைச் சுற்றி ரயில் பாதை போட்டார்கள். தெஷெங்மென், ஆன்டிங்மென், டோங்ஜிமென், சாவோயாங்மென் ஆகிய நான்கின் முன்கோட்டைகளும் அந்தத் தண்டவாளத்துக்காக வெட்டுப்பட்டன. அந்தப் பாதை புறப்பட்டதே ஷிஜிமென் ரயில் நிலையத்திலிருந்து. ஜான் தியென்யோ கட்டி 1909-இல் திறந்த பெய்ஜிங்–ஜாங்ஜியாகோ பாதையின் நிலையம் அது, மதிலுக்கு வெளியே இருந்தது. புறப்படும் இடம் என்பதால் ஷிஜிமென் முன்கோட்டையைத் தண்டவாளம் தொடவில்லை. 1924-இல் வந்த நகரின் முதல் டிராம் தடம் தியென்சியாவோவிலிருந்து ஷிஜிமென் வரை. அதுவும் வாசலின் உள்பக்கத்தோடு நின்றுகொண்டது. இப்படி இரண்டு தடவை தப்பித்ததால், வாசல் கோபுரம், முன்கோட்டை, அதன் பக்கவாசல், அம்புக் கோபுரம் எல்லாம் சேர்ந்து முழுத் தொகுதியாக 1969 வரை நின்றது இது ஒன்றுதான்.

1950-இல் கட்டடக் கலை அறிஞர் லியாங் ஸிசெங் மதிலைக் காப்பாற்ற எழுதியதில் தெளிவான மாற்றுவழி இருந்தது. மதிலின் உச்சி பத்து மீட்டருக்கு மேல் அகலம். அதில் செடி வைத்து, இருக்கை போட்டு, 39.75 கிலோமீட்டர் நீளத்துக்கு நகரைச் சுற்றி ஒரு பூங்கா ஆக்கலாம். வண்டிகளுக்கு வாசலின் வழியே போக வேண்டிய அவசியமில்லை, பக்கத்து மதிலில் புதிய திறப்புகள் போட்டால் போதும். அவர் சொன்ன திறப்புகள் போடப்பட்டன, ஆனால் வாசல்களும் போயின. யோங்டிங்மென் 1957, ஃபூசெங்மென் 1965, சோங்வென்மென் 1966 என்று வரிசையாக.

கடைசி அடி சுரங்க ரயிலிலிருந்து வந்தது. முதல் கட்டம் 1965 ஜூலை 1 அன்று தொடங்கி 1969 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. சுரங்கத்தைத் துளைத்துக்கொண்டு போகும் இயந்திர முறை அப்போது அங்கே இல்லை. மேலிருந்து பள்ளம் வெட்டி, கான்கிரீட் பெட்டி கட்டி, மறுபடி மூடும் முறைதான். இந்த முறையில் பாதையின் மேலே நிற்பது எதுவாக இருந்தாலும் போயாக வேண்டும். மதில் வரிசையில் வீடு கிடையாது, குடியிருப்போருக்கு இடம் தேட வேண்டாம், அகழி ஏற்கெனவே பள்ளம். பொறியாளர் கண்ணுக்கு இதைவிட மலிவான தடம் நகருக்குள் கிடைக்காது. 1969 மார்ச்சில் ஜென்பாவோ தீவில் சோவியத் படையோடு மோதல் நடந்த பிறகு போர் ஆயத்தம் தீவிரமானது. சுரங்க ரயிலே பாதி பாதுகாப்புத் திட்டம். மதில் செங்கற்கள் பதுங்கு சுரங்கங்கள் கட்டப் போயின. அந்த வருடம் ஷிஜிமென்னோடு டோங்ஜிமென்னும் ஆன்டிங்மென்னும் போயின.

கசப்பான விஷயம், ஷிஜிமென் வழியாகப் போகும் இரண்டாம் கட்டத் தடத்தின் கட்டுமானம் 1971-இல்தான் தொடங்கியது. 16.1 கிலோமீட்டர், 12 நிலையங்கள், ரயில் ஓடியது 1984-இல். கோடையில் கிடைத்த வாசலைப் பற்றி யோசிக்க நேரம் இல்லாமல் போகவில்லை.

தடத்தை வளைக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. 1968-இல் இதே சுரங்க ரயில் பழைய வானியல் கூடத்தை இடிக்க வந்தபோது, பிரதமர் சௌ என்லாய் தலையிட்டு, தடம் விலக்கிப் போடப்பட்டது. அதுவும் மதிலின் மேல் நிற்கும் மேடைதான். ஜெங்யாங்மென்னும் அவர் சொல்லித்தான் தப்பியது. 1979-இல் தெஷெங்மென் அம்புக் கோபுரத்துக்கு நாள் குறித்தபோது, நகரத் திட்ட வல்லுநர் ஜெங் ஷியாவ்ஷியே கம்யூனிஸ்ட் கட்சியின் துணைத் தலைவர் சென் யுன்னுக்கு ஒரு கடிதம் எழுதினார், வேலை நின்றது. சாலை அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. மூன்றிலும் தடம் பொறியியல் காரணத்தால் வளையவில்லை, யாரோ ஒருவர் உரிய இடத்தில் சொன்னதால் வளைந்தது. 1969-இல் ஷிஜிமென்னுக்காக அப்படிச் சொல்லக்கூடியவர்களில் பெரும்பாலோர் கலாசாரப் புரட்சியில் ஓரங்கட்டப்பட்டிருந்தார்கள். லியாங்கும் அதில் ஒருவர்.

இடித்த வரிசையும் பதிவும்

இப்படிப்பட்ட கட்டடத்தை மேலிருந்துதான் பிரிக்க முடியும்: முதலில் ஓடு, பிறகு மரச் சட்டகம், பிறகு மேடையின் செங்கல் முகம், கடைசியில் மண் திண்டு. இந்த வரிசையால் நேர்ந்தது என்னவென்றால், உள்ளே ஒரு வாசல் இருப்பது தெரியவந்த நேரத்தில் மேலே காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை. அம்புக் கோபுரம் நிற்கும்போதே தெரிந்திருந்தால், இரண்டையும் சேர்த்து நிறுத்தும்படி வாதாட இடம் இருந்திருக்கும். திண்டு வெறும் மண்ணாக இருக்கும் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். மிங் முகத்தின் பின்னால் யுவான் மதில் இருப்பது அறிஞர்களுக்குத் தெரியும், முழு வாசல் இருக்கும் என்று எவரும் எண்ணவில்லை.

அப்போது டாடு நகரத்தை ஆராய்ந்துகொண்டிருந்த கூட்டுக் குழு, ஷு பிங்ஃபாங் பொறுப்பில், இடத்துக்கு வந்தது. கட்டடக் கலை ஆய்வாளர் லுவோ ஜெவென் இடிபடும் ஷிஜிமென்னைப் படம் எடுத்தார். மேலே சொன்ன அளவுகள் எல்லாம் அந்தக் குழு 1972-இல் வெளியிட்ட அறிக்கையின் வழியாக நமக்கு வந்தவை.

அந்தப் பதிவின் தரத்தைக் குறை சொல்ல முடியாது. பாதையின் நீள அகலம், இரண்டு வளைவு உயரம், வளையங்களின் எண்ணிக்கை, காலூன்றிய விதம், குடுமிக் கல், தண்ணீர் வழி என்று பொறியியலுக்குத் தேவையானவற்றைக் குறி வைத்து எடுத்திருக்கிறார்கள். கீறிய தேதியைக் கண்டது பெரிய விஷயம். இடிப்பு நடக்கும் இடத்தில் முதலில் உதிர்வது பூச்சு, அதில் உள்ள எழுத்தைப் பார்க்காமல் விட்டால் மறுநாள் இருக்காது. ஆனால் பதிவு வேறு, பொருள் வேறு. எழுத்து விழுந்த பூச்சும் தொட்டியின் செங்கல்லும் அடுத்த ஒரு தலைமுறையின் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவை. காரையில் எவ்வளவு சுண்ணாம்பு, செங்கல் எந்தச் சூளை, தொட்டியில் ஒருமுறையாவது தண்ணீர் நின்ற தடம் உண்டா என்பதை 1969-இல் யாரும் கேட்கவில்லை. இன்று கேட்டால் சோதிக்கப் பொருள் இல்லை.

அந்த இடம் இப்போது

வாசல் நின்ற இடத்தில் இரண்டாம் சுற்றுச்சாலை. 1980-இல் அங்கே மூன்று அடுக்கு வட்ட மேம்பாலம் வந்தது, சைக்கிள்களுக்குத் தனி அடுக்கு. கார்கள் பெருகியதும் அது தாங்கவில்லை, 1999-இல் அதையும் இடித்துப் புதுப் பாலம் கட்டினார்கள். ஊர் ஓட்டுநர்களே வழி தவறும் பாலம் என்று அது பேர் வாங்கியிருக்கிறது. நெரிசல் தீரவில்லை. வாசலின் மூன்று திருப்பங்கள் போனபோது வழி நேராகிவிடும் என்று போட்ட கணக்கு இருபது வருடம்கூடப் பலிக்கவில்லை.

திரும்பக் கட்டலாமே என்று அவ்வப்போது பேச்சு எழும். யோங்டிங்மென்னை 2004-இல் திரும்பக் கட்டினார்கள். அதற்கு 1937-இல் எடுத்த அளவு வரைபடங்கள் இருந்தன, நகரின் நடு அச்சில் இடமும் காலியாக இருந்தது. ஷிஜிமென்னுக்கு இரண்டில் ஒன்று மட்டும் ஓரளவு சாத்தியம்: மிங் கோபுரத்தைப் பழைய படங்களையும் ஒத்த வாசல்களையும் வைத்து வரையலாம். ஆனால் நிறுத்த இடம் இல்லை, சுரங்க நிலையமும் பாலத்தின் தூண்களும் அங்கே ஊன்றியிருக்கின்றன. யுவான் வாசலின் கதை இன்னும் கடினம். பாதையையும் கதவு நிலையையும் தண்ணீர்க் கால்வாயையும் அறிக்கையை வைத்து நம்பிக்கையோடு வரையலாம். மேல்மாடத்தின் கூரை 1436-லேயே போய்விட்டதால், அதற்கு மேலே வரைவது எல்லாம் ஊகம். அருங்காட்சியகத்துக்கு மாதிரி செய்பவர்கள் வளைவோடு நிறுத்திக்கொண்டு, தரையின் கல் சல்லடையையும் மூன்று துளைகளையும் வெட்டுத் தோற்றத்தில் காட்டுவதே நேர்மையான வழி. டாடுவின் மண் மதிலை நேரில் பார்க்க வேண்டுமானால், மிங் அரசு கைவிட்ட வடக்குப் பகுதியில் அதன் மேடுகள் இன்னும் பூங்காவாக இருக்கின்றன. செங்கல் முகம் போடாத, வாசல் இல்லாத வெறும் மண்.